புல்லை முடிந்துவிட்டுப் போனவர்கள்

1

தமிழில் பயண இலக்கியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் சொல்லப்படுகிறது. தமிழனுக்குக் கடல் தெரியும், காடு தெரியும். ஆனால் ஆபத்தான தூர தேசங்களுக்குப் போய் அதை எழுதிவைக்கிற சாகச மனம் அவனுக்கு வாய்க்கவில்லை என்பது அந்தக் குறை. சொல்கிறவர்கள் உடனே ஆங்கிலத்திலிருந்து ஒரு பட்டியலை எடுத்துப் போடுகிறார்கள். நைல் நதியின் மூலம் தேடிப் போனவர்கள், துருவப் பனியில் செத்தவர்கள், திபெத்துக்குள் மாறுவேஷத்தில் நுழைந்தவர்கள். இதற்கெதிரே வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஏ. கே. செட்டியாரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

செட்டியார் சாதாரணப் பயணி இல்லை. காந்தியைப் பற்றிய படத்துக்காக 1937 முதல் 1940 வரை கண்டம் கண்டமாக அலைந்து, துண்டு துண்டாகக் கிடந்த பிலிம்களைச் சேகரித்தவர். அந்த வேலை முடிவதற்குள் யுத்தம் தொடங்கிவிட்டது. ஆனால் அவருடைய பக்கங்களில் ஆபத்துக்கு அதிக இடமில்லை. தன்னைப் பற்றிப் பேசக் கூசுகிற மனசு அவருடையது. அதனால் சாகசப் பட்டியல்காரர்களுக்கு அவரும் உபயோகப்படுவதில்லை.

இந்தக் குறையே அளவுகோல் தவறியதால் வந்தது என்பது என் அபிப்பிராயம். சாகசப் பயண நூல் என்பது ஒரு இலக்கிய வகை. எல்லா வகைகளையும் போல இதற்கும் சில முன்நிபந்தனைகள் உண்டு. போகாமலே இருந்துவிடும் சுதந்திரம் பயணிக்கு இருக்க வேண்டும். திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டும். திரும்பியதும் கேட்பதற்கு ஒரு சபை காத்திருக்க வேண்டும். லண்டனில் ராயல் ஜியாகிரபிகல் சொஸைட்டி 1830ல் ஏற்பட்டது. அதன் கூடத்தில் படிப்பதற்கென்றே ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதர்கள் காடு மலைகளில் குறிப்பெடுத்தார்கள். செடி தேடுவதைத் தொழிலாகக் கொண்ட பிராங்க் கிங்டன் வார்டு, வட பர்மாவின் மலைகளில் அலைந்துவிட்டு 1921ல் ஒரு புத்தகம் போட்டார். பர்மாவின் ஆகக் கடைசித் தூரத்தில் என்று பொருள்படும் தலைப்பு. எங்கிருந்து அளந்த தூரம் அது? அந்த மலைகளில் கச்சின்களும் லீசுகளும் நாகர்களும் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள். தூரம் என்பது யாரோ ஒருவருடைய வாசற்படியிலிருந்து எண்ணுகிற கணக்கு.

கிங்டன் வார்டின் புத்தகம் வந்த 21 ஆண்டுகள் கழித்து, அதே வட பர்மாவையும் அதை ஒட்டிய கணவாய்களையும் லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகக் கடந்தார்கள். அவர்களில் தமிழர் கணிசமானவர்கள். போகாமலிருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை. திரும்ப வீடு இருக்கிறதா என்பது பலருக்குத் தெரியாது. கேட்க ஒரு சபையும் காத்திருக்கவில்லை. 1942ல் நடந்த அந்த வழிநடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு பர்மாவைப் பற்றி ஏன் என்று கேட்கலாம். காரணங்கள் எங்கள் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன.

2

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற ரஸ்தாவில் இருக்கிறது. கிழக்கே செஞ்சிக் கோட்டை. 1689ல் ராயகட் கோட்டையிலிருந்து தப்பிய மராட்டிய அரசர் ராஜாராம், மாறுவேஷத்தில் தெற்கே ஓடி, கெளதி ராணி சென்னம்மாவின் நாட்டைக் கடந்து, அந்த ஆண்டுக் கடைசியில் இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். பின்னால் வந்த மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையைச் சுற்றிக் கிடந்தது. ராஜாவின் அந்த ஓட்டத்துக்கு உடனடியாக ஒரு சமஸ்கிருத காவியம் கிடைத்தது. கேசவ பண்டிதரின் ராஜாராம சரிதம் அது. ஓடியவர் ராஜாவானால் ஓட்டமும் காவியத்துக்கான வஸ்துவாகிவிடுகிறது.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம். மலைபடுகடாத்தின் செங்கண்மா இதுதான். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு, 583 அடிகள், பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன் என்பதெல்லாம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து பண்டிதர்கள் இதில் இசைக் கருவிகளையும் மலையின் ஓசைகளையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆபத்தான பாதையில் போவது எப்படி என்கிற கேள்வியை இத்தனை விஸ்தாரமாக எடுத்துக்கொண்ட வேறு பழம்பாட்டு தமிழில் இல்லை என்பது அதிகம் பேசப்படவில்லை.

பேசுகிறவன் நன்னனிடம் போய்ப் பரிசு வாங்கித் திரும்பிய ஒரு கூத்தன். எதிரே வருவது பசித்த இன்னொரு கூத்தர் கூட்டம். முன்னவன் பின்னவர்களுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு அடையும் குழிகளை எப்படித் தாண்டுவது, தினைப்புனத்துக் காவற்காரர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் மேலே படாமல் எப்படிப் போவது, பாசி படிந்த வழுக்குப் பாறையில் எதைப் பற்றிக்கொள்வது, இரவு வந்துவிட்டால் எந்த மாதிரிக் குகையில் ஒதுங்குவது. நடுவில் ஒரு இடம் வருகிறது. பாதை பிரியும் இடங்களில், உங்களுக்குப் பின்னால் இந்த நிலம் தெரியாமல் வருகிறவர்களுக்காக, புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான்.

இந்த ஒரு குறிப்பில் ஒரு முழு அழகியல் இருப்பதாக எனக்குப் படுகிறது. தான் பட்ட ஆபத்தைக் கூத்தன் தன் பெருமையாகச் சொல்லவில்லை. அவன் வாக்கியங்கள் இறந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பதைவிட, கேட்பவன் வைக்கப்போகிற அடுத்த அடியையே பார்க்கின்றன. 'நான் போனேன்' என்பது இலக்கணத்தில் ஒரு வினைமுற்று. 'நீ போகும்போது' என்பது வினையெச்சம், முடிவு கேட்பவனிடம் இருக்கிறது. சாகச நூலுக்கும் ஆற்றுப்படைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னதில் பயணி கதாநாயகன். பின்னதில் பாதை கதாநாயகன். பயணி அதைக் கைமாற்றி விடுகிறவன். போனவன் ஏழை, போகப்போகிறவனும் ஏழை என்பதால் இந்த வடிவம் பிறந்தது. வறுமை மனிதர்களை மலைமேல் துரத்தும்போது சாகசம் என்ற வார்த்தைக்கு இடமிருப்பதில்லை.

கூத்தர் மரபு போன பிறகும் இந்தப் பாங்கு அடியோடு அழியவில்லை. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் பாடிய வழிநடைச் சிந்துகளில், ஊர் ஊராக, சத்திரம் சத்திரமாக, பாதை சொல்லப்பட்டுக்கொண்டே வந்தது.

3

பர்மாவுக்கு நம்மவர்கள் போனது சாகசத்துக்காக இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐராவதி டெல்டாவின் நெல், ரங்கூன் துறைமுகத்தின் மூட்டை, நகரத்தின் சாக்கடை, மில்லின் உமி, இவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. சென்னை ராஜதானியிலிருந்து மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். 1931ம் ஆண்டு ஜனக்கணக்கில் பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூனின் ஜனத்தொகை 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மியர்களின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மையாக இருந்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1930களின் கடைசிக்குள் நூற்றுக்கு 25 பங்காகிவிட்டது. 1930ல் துறைமுகத்தில் கலவரம். 1937ல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. 1938ல் மறுபடி கலவரம். லேவாதேவிக்காரர் மேல் இருந்த கோபம் மூட்டை தூக்குகிறவன் தலையில் விழுந்தது. 1942ல் வழியிலும் கிராமங்களிலும் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டும். நம்மவர்களை வெறும் பலியாடுகளாக மட்டும் காட்டுகிற சரித்திரம் பாதிச் சரித்திரம்.

1941 டிசம்பர் 23ம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்தவர்கள் வீதியிலேயே செத்தார்கள். அன்றிரவே இந்தியத் தொழிலாளர்கள் புரோம் ரஸ்தாவில் நடக்கத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் சாமான் இறக்க ஆளில்லை, தெருவில் குப்பை அள்ள ஆளில்லை. நகரத்தை நடத்தவே இந்தியர் வேண்டும் என்ற விஷயம் சர்க்காருக்கு அப்போதுதான் உறைத்தது. நடந்தவர்களை வழியில் மறித்து, பயமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி நடக்க வேண்டியிருந்தது. அதற்குள் கப்பல் வழியும் அடைபட்டுவிட்டது. 1942 மார்ச் 8ம் தேதி ரங்கூன் விழுந்தது.

வழிகள் மூன்று. முதலாவது, புரோமிலிருந்து ஐராவதியைத் தாண்டி, அரக்கான் மலைத் தொடரின் டவுங்கப் கணவாய் வழியாக வங்காள விரிகுடாக் கரைக்கு. அங்கிருந்து படகிலோ ஸ்டீமரிலோ அக்யாப், சிட்டகாங். 100 மைலுக்கு மேல் மலைப்பாதை, தண்ணீர் அபூர்வம். முதலில் போன கூட்டங்களிலேயே காலரா புகுந்துவிட்டது. இரண்டாவது, மாந்தலே வந்து, சிந்த்வின் நதியைக் கடந்து, தமு, பலேல் வழியாக இம்பால். அங்கிருந்து திமாபூர் ரயிலடி. மூன்றாவது, வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு, மே மாதத்தில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக பாங்சாவ் கணவாய் ஏறி அஸ்ஸாமின் லீடோ. மிச்சினா மே 8ம் தேதி விழுந்தது. அதற்கப்புறம் இந்த மூன்றாவது வழியில் போனவர்களுக்கு முன்னால் சேறு, பின்னால் ஜப்பானியர். மழையில் ஆறுகள் பெருகி, பாதி வழியில் ஷிங்ப்வியாங் கிராமத்தில் மாதக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பலர் அங்கேயே முடிந்தார்கள்.

மொத்தம் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு 4 லட்சம் முதல் 5 லட்சம் வரை கணக்குச் சொல்கிறார்கள். வழியில் செத்தவர்கள் 10,000 என்பார் உண்டு, 50,000 என்பார் உண்டு, அதற்கு மேல் போகிறவர்களும் உண்டு. அதிகக் கணக்குக்கும் குறைந்த கணக்குக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேறில்லை. எண்ணுவதற்கு யாரும் நிற்கவில்லை.

நடந்தவர்களுக்குள்ளும் தரம் பிரிக்கப்பட்டது. வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் வசதியான வழி, மற்றவர்களுக்கு இன்னொரு வழி என்ற புகார் இந்தியாவெங்கும் எழுந்தது. வைசிராய் நிர்வாக சபையில் வெளிநாட்டு இந்தியர் இலாகாவை வைத்திருந்த எம். எஸ். ஆனே எல்லைக்கே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. அலகாபாத்தில் 1942 ஏப்ரல் கடைசியில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்ற கோஷம் வந்தபோது அதற்குப் பின்னால் இந்த மலைப்பாதைகளின் செய்தியும் இருந்தது. யுத்தம் வந்தால் இந்த சர்க்கார் யாரைக் காப்பாற்றும், யாரை விட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் பாதையோரம் முகாம்கள் போட்டது. தோட்டத் தொழிலாளர்கள் அரிசி சுமந்தார்கள், பாதை வெட்டினார்கள். நாகர்களும் கச்சின்களும் பல இடங்களில் தங்கள் வீட்டில் இருந்ததைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் கொண்டுவந்த வியாதியும் அந்தக் கிராமங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

4

இதே 1942 மே மாதத்தில் அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் 114 பேருடன் காட்டு வழியாக நடந்து மே 20ம் தேதி இம்பால் வந்து சேர்ந்தார். ஒருவரும் சாகவில்லை. அடுத்த ஆண்டே, அவரோடு நடந்த நிருபர் ஜாக் பெல்டனின் புத்தகம் அமெரிக்காவில் வந்துவிட்டது. அஸ்ஸாமின் கைல்ஸ் மாக்ரெல் என்ற வெள்ளையர், யானைகளோடு போய், சௌகான் கணவாய் வழியாக வந்து வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டார். மீட்கப்பட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். நிஜமான தீரம் அது. அவர் எடுத்த பிலிம் இன்று கேம்பிரிட்ஜில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் புத்தகம் வருகிறது. இவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. 114 பேருக்கு ஒரு வருஷத்தில் புத்தகம் கிடைத்தது. லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஹியூ டிங்கர் என்ற சரித்திரக்காரர் முழுமையாக ஒரு கட்டுரை எழுத 1975 ஆயிற்று. மறக்கப்பட்ட நெடுநடை என்றுதான் அவரும் தலைப்பு வைத்தார். யார் மறந்தது என்பதுதான் கேள்வி.

தமிழ் முழுக்க மறந்துவிடவில்லை. எழுதியவர் ஒருவர் உண்டு. அவரும் எங்கள் பக்கத்து ஆள். வெ. சாமிநாத சர்மா, 1895ல் அன்றைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த வெங்களத்தூரில் பிறந்தவர். தேசபக்தனிலும் நவசக்தியிலும் திரு. வி. க.வோடு வேலை பார்த்தவர். 1932ல் ரங்கூன் போனார். 1937 முதல் அங்கே 'ஜோதி' பத்திரிகையை நடத்தினார். 1942ல் தம் 46வது வயதில், மனைவி மங்களத்தோடு வடக்கே போய், மணிப்பூர் வழியாக நடந்து இந்தியா வந்து சேர்ந்தார். பின்னால் அதை எழுதினார். தலைப்பு, எனது பர்மா வழி நடைப் பயணம்.

சிறுபத்திரிகைகளின் நினைவில் சர்மாவுக்கு எந்த இடமும் இல்லை. பிளாட்டோவையும் ரூஸோவையும் தமிழில் தந்தவர், மார்க்ஸின் வாழ்க்கையை எழுதியவர், பொது அறிவு வளர்த்தவர் என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டார்கள். 1978ல் அவர் இறந்தபோது நவீன எழுத்தின் வட்டத்தில் அது ஒரு சம்பவமாகவே படவில்லை. காரணம் தெரிந்ததுதான். நம் விமர்சனம் அந்தரங்க அனுபவத்தின் ஆழத்தையே பிரதானமாகத் தேடியது. சர்மாவின் வசனம் பத்திரிகை வசனம். ஆழங்களுக்குள் இறங்குவதாகப் பாவனை செய்யாதது. எங்கே தங்கினோம், என்ன கிடைத்தது, யார் உதவினார்கள் என்று போகிற எழுத்து.

ஆனால் அந்தத் தலைப்பை இன்னொரு முறை படிக்க வேண்டும். தப்பி வந்த கதை என்றோ, மரணத்தின் வாயில் என்றோ அவர் வைக்கவில்லை. வழிநடை என்கிற பழைய வார்த்தையை எடுத்துக்கொண்டார். வழிநடைச் சிந்தின் வழிநடை. 1942ல் செத்துச் செத்து நடந்த நடையை, கோயிலுக்குப் போகிறவர்களின் வார்த்தையால் சொல்ல அவருக்குத் தோன்றியிருக்கிறது. மொழியின் அடியிலிருக்கும் ஒரு பழக்கம் அவர் கையைப் பிடித்து எழுதியதாகவே எனக்குப் படுகிறது. அவருடைய தட்டையான வசனத்தைக் குறையென்று சொல்கிறவர்கள், மலைபடுகடாத்தின் கூத்தனும் தன் உள்மனசைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பதை யோசிக்கலாம். சர்மாவை உன்னதக் கலைஞராக்க நான் முயலவில்லை. அவர் எழுத்தை அளக்க வேண்டிய கோல் வேறு என்கிறேன்.

யுத்த காலத் தென்கிழக்காசியாவை நாவலுக்குள் கொண்டுவந்தவர் ப. சிங்காரம். 1972ல் வெளியான 'புயலிலே ஒரு தோணி' பர்மாவைப் பற்றியதில்லை. மெடானும் பினாங்கும் அதன் களம். சாகசத்தை அவர் துணிந்து எடுத்துக்கொண்டார். பாண்டியனைத் தமிழ் நாவலின் அபூர்வமான சாகச நாயகனாக்கி, அதே மூச்சில் சாகசத்தின் வெறுமையையும் காட்டினார். அந்த நாவலைக் கண்டுகொள்ள நம் விமர்சனத்துக்கு வெகுகாலம் பிடித்தது. கண்டுகொண்ட பிறகும் அதன் பின்னாலிருந்த லட்சக்கணக்கான மனிதர்களின் பக்கம் கவனம் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் அமிதவ் கோஷ் 2000ல் தம் நாவலில் இந்த நெடுநடையைக் கொண்டுவந்தபோது, தமிழ் எழுத்தாளர்கள் அதை ஒரு புது விஷயம் போலப் படித்தார்கள். மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் அதை நடந்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் ஊரிலேயே ஒரு கிழவி இருந்தார். 1970களின் கடைசியில், நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தெரு முனையில் வேர்க்கடலை வறுத்து விற்பார். இருபது வயசில் கைக்குழந்தையோடு பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் என்று தெருவில் சொல்வார்கள். குழந்தை என்னவாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. நான் ஒருநாள், எப்படி ஆயா நடந்து வந்தீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"உப்பு வேணும் தம்பி. அரிசி இல்லன்னாக்கூட உப்பு வேணும். துணியில முடிஞ்சு இடுப்புல கட்டிக்கணும். ஆத்துத் தண்ணிய அப்பிடியே குடிச்சிடக் கூடாது. கூட்டத்துக்குக் கடைசியா போவக் கூடாது, நடுவுல போவணும். பொணத்தப் பாத்தா நிக்கக் கூடாது. நின்னா அப்புறம் காலு வராது."

அவ்வளவுதான். மறுபடி கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். ஒரு வாக்கியத்தில்கூட 'நான்' கிடையாது. எல்லாம் வேணும், கூடாது. அடுத்து நான் அந்த வழியில் போகப்போகிறேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போல் சொன்னார். எழுத்தறியாத அந்த மனுஷி பேசியது ஆற்றுப்படை என்று சொன்னால் பண்டிதர்கள் சிரிக்கக்கூடும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். தன் குழந்தையைப் பற்றிச் சொல்ல முடியாதவர், பாதையைப் பற்றிச் சொல்ல முடிந்தவராக இருந்தார். அனுபவத்தின் ஆழம் என்று நாம் தேடிக்கொண்டிருந்தது அந்த 'கூடாது'களுக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும்.

5

1942ல் நடந்தவர்களுக்கு முன்னால் புல்லை முடிந்து வைத்தவர்கள் இல்லை. ஒரு கூட்டம் கற்றுக்கொண்டது பின்னால் வருகிற கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. எந்த ஓடையில் காலரா, எந்த இறக்கத்தில் தண்ணீர் என்பதைக் கற்றவர்கள், கற்ற இடத்திலேயே கிடந்தார்கள். முன்னே போனவர்களின் உடல்களே வழியைக் காட்டின. அந்த ஆண்டுக் கடைசியில் லீடோவிலிருந்து பர்மாவுக்குள் ரஸ்தா போட வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பாதையோரத்தில் எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். புல் முடிச்சுகளுக்குப் பதில் எலும்புகள்.

கதை அதோடு முடியவில்லை. யுத்தம் முடிந்ததும் பலர் பர்மாவுக்குத் திரும்பிப் போனார்கள். 1962ல் நீ வின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1963லும் 1964லும் கடைகளும் பாங்குகளும் தேசவுடைமையாயின; பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். கப்பலில் சென்னை வந்திறங்கியவர்களில் சிலரால் இங்கே இருக்க முடியவில்லை. பிறந்த ஊர் பர்மா. இந்தியா அவர்களுக்கு அகதி முகாமாக இருந்தது. ஒரு பகுதியினர் ரயிலேறி மணிப்பூர் போய், 1942ல் வந்த அதே தமு வழியாக பர்மாவுக்குள் திரும்பி நடக்கப் பார்த்தார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அப்படி ஏற்பட்டது அங்கிருக்கும் தமிழ்க் குடியிருப்பு. இந்தியாவின் ஒரு மூலையில், ஒரு நாடு போகச் சொல்லி, இன்னொரு நாட்டில் ஒட்ட முடியாமல், இரண்டுக்கும் நடுவில் கால் ஓய்ந்த இடத்தில் உண்டான ஊர்.

அங்கே அவர்கள் கட்டிய பெரிய கோயில் அங்காள பரமேஸ்வரியுடையது. அங்காளம்மனின் தாய்க் கோயில் மேல்மலையனூர், எங்கள் ஊருக்குப் பக்கம். மாசி மாதத்து மயானக் கொள்ளைக்கு இந்தச் சுற்றுவட்டாரமே திரண்டு போகும். சுடுகாட்டில் ஆடுகிற தெய்வம். பிணங்களைத் தாண்டி நடந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்த வழியிலேயே குடியேறியபோது, எல்லாத் தெய்வங்களையும் விட்டு இவளை முன்னால் வைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கடைசியாக ஒன்று. 1942ல் பத்து வயதில் நடந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. 1964ல் கப்பலில் வந்த குழந்தைகள் அறுபதைக் கடந்தாயிற்று. பர்மா பஜாரிலும், ஊர் ஊராக இருக்கும் பர்மா காலனிகளிலும், மோரேயிலும் கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்கப் போகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எப்படி உணர்ந்தீர்கள் என்று தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, அல்லது நமக்குப் பிடித்த பதில் இருக்கும். இடுப்பில் என்ன கட்டிக்கொண்டீர்கள், எந்த ஆற்றை எப்படித் தாண்டினீர்கள், எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். மற்றது அதிலேயே வரும். வந்ததை வந்தபடியே எழுதுங்கள். அழகுபடுத்தக் கை பரபரக்கும். அதை மட்டும் செய்யாதிருங்கள்.